சீர் கொண்டு வந்த அரசன்

கேளுங்கள், கேளுங்கள்! வெகு காலத்துக்கு முன்னே ஓர் ஆறு. அதற்கு இரண்டு கரை. கரைக்கு ஓர் அரசன்.

இருவருக்கும் ஆற்று மீனைப் பற்றித் தகராறு. பேசித் தீர்க்கத் தூதர்கள் போனார்கள். முதல் தூதருக்கு ஆசனம் தாழ்வாம், திரும்பிவிட்டார். இரண்டாம் தூதருக்கு யாரும் எழுந்து நிற்கவில்லையாம், திரும்பிவிட்டார். மூன்றாமவர் வாசலிலேயே, "முதலில் உங்கள் அரசர் எங்கள் கரைக்கு வரட்டும்" என்றார். "உங்களவர் வரட்டும்" என்றார்கள். அவரும் திரும்பிவிட்டார்.

முரசு அறைந்தார்கள். "பௌர்ணமி முதல் பரிசல் ஓடாது. பிறகு போர்!"

தென்கரை வளையல்காரி காத்தாயிக்கு மகள் நினைப்புதான் முதலில் வந்தது. அவளுடைய ஒரே மகள் பூவாயி வடகரையில் வாழ்க்கைப்பட்டவள், நிறைமாதக்காரி. பரிசல் நின்றால் பிள்ளைப்பேற்றுக்கு யார் துணை?

இரண்டு அரண்மனைக்கும் வளையல் போடுகிறவள் காத்தாயி. மறுநாள், மாசமாயிருந்த வடகரை அரசிக்கு வளைகாப்புக்காகக் கையளவு பார்த்தாள்.

"முதல் வளையல் போட எனக்கு அண்ணன் இல்லையே!" என்று அரசி கண் கலங்கினாள். அந்தப் பக்கத்து வழக்கத்தில் முதல் வளையலை அண்ணன்தான் போடுவான். அண்ணன் இல்லாதவளுக்கு யார் போடுகிறாரோ, அன்றுமுதல் அவரே அண்ணன்.

காத்தாயிக்குப் பளிச்சென்று ஒன்று தோன்றியது! "தாயே, எங்கள் அரசருக்கும் தங்கச்சி இல்லை. கேட்டுப் பார்க்கட்டுமா?"

"போருக்கு நிற்பவரையா? உனக்குத் துணிச்சலடி!" அரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, கேள். எங்கள் வீட்டுக்காரரிடம் நான் பேசிக்கொள்கிறேன்."

ஓடினாள், பரிசல் ஏறினாள், தென்கரை அரசனின் தாயார் அறையில் போய் மூச்சு வாங்க நின்றாள். அரசனும் அங்கே இருந்தான். வடகரை அரசிக்கு முதல் வளையல் போட வரமுடியுமா என்று அவனிடம் கேட்டாள்.

"நான் முதலில் போனால் தோற்றேன் என்பார்களே?"

"அரசராகப் போனால் சொல்வார்கள், மகாராசா. சீர்த்தட்டோடு அண்ணனாகப் போனால் எவன் சொல்வான்? மாப்பிள்ளையல்லவா கரைக்கு வந்து அழைக்க வேண்டும்! அதுதானே முறை!"

தாயார் கை தட்டினாள். "போய் வாடா! எனக்கும் ஒரு மகள் கிடைக்கட்டும்."

பௌர்ணமிக்கு முந்தின நாள் இரு கரையிலும் கூட்டமோ கூட்டம்! வாளை வீட்டில் வைத்துவிட்டு, சீர்த்தட்டோடு பரிசலில் வந்தான் தென்கரை அரசன். வடகரை அரசன் முழங்கால் தண்ணீரில் இறங்கி, "வாங்க மச்சான்!" என்று கை நீட்டினான். வளையல் ஏறியது. குலவைச் சத்தம் வானத்தை எட்டியது! பந்தியில் இரண்டாம் முறை பாயசம் வருவதற்குள், மீன் பாதிக்குப் பாதி என்று பேசி முடித்துவிட்டார்கள்.

காத்தாயி பந்தியில் உட்காரவில்லை. "பூவாயி! பரிசல் நிற்காதாமடி!" என்று தெருமுனையிலிருந்தே கூவிக்கொண்டு மகள் வீட்டுக்கு ஓடினாள்.

ஆகவே பெரியோரே, பிள்ளைகளே: மரியாதை பார்த்துத் தூதர்கள் அடைத்துவிட்ட வழியை, இரு நாட்டிலும் உறவுள்ள எளியவரின் பேச்சு திறந்துவிடும்.