இருபத்து நான்கு அடிக் கயிறு

“எத்தனை முறை சொன்னாலும் அந்தப் பெண் தவமணி ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறாள், சுவாமி,” என்றான் அம்பலவாணன்.

மடத்துப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் சீடன் அவன்.

ஆறு கரையுடைத்து ஐந்து நாளாகியிருந்தது. வீடிழந்த குடும்பங்கள் மடத்துக் கூடத்தில் தங்கியிருந்தன. சண்டை வரக் கூடாதென்று குடும்பத்துக்கு ஒரு கயிறாக, ஒரே நீளத்தில் வெட்டிக் கொடுத்தவனும் அவன்தான். கயிற்றைத் தரையில் போட்டு வளைத்த இடம் அவரவருக்கு.

அன்று காலை சுற்றளவுப் பாடம். அவரவர் இடத்தை அளந்து எழுதச் சொன்னான். எல்லாப் பிள்ளைகளும் இருபத்து நான்கு அடி என்று எழுதினார்கள். தவமணியும் அதையே எழுதி, கீழே ‘எங்கள் இடம் சின்னது’ என்று சேர்த்திருந்தாள்.

அந்த வரியை அவன் அடித்தான். அவள் மறுபடியும் எழுதினாள்.

“கயிறு எல்லாருக்கும் ஒன்றுதானே, சுவாமி?”

சுவாமிகள் எழுந்து கூடத்துக்கு நடந்தார்.

தவமணியின் குடும்பம் கடைசியாக வந்தது. தூண்களுக்கும் சுவருக்கும் நடுவில் மிஞ்சியிருந்த இடம்தான் அவர்களுக்குக் கிடைத்தது. பத்தடி நீளம், இரண்டடி அகலம். அவளுடைய அம்மா அஞ்சலை, காய்ச்சலில் கிடந்த கைக்குழந்தையை மடியில் வைத்துச் சுவரில் சாய்ந்திருந்தாள். வந்த நாளிலிருந்து உட்கார்ந்தபடியே தூங்குவதாகச் சொன்னாள். குறையாகச் சொல்லவில்லை.

சுவாமிகள் அவளைச் சற்று எழுந்து நிற்கச் சொன்னார். பிறகு சீடனைப் பார்த்தார்.

“படு.”

அம்பலவாணன் படுத்தான். ஒரு தோள் சுவரில் இடித்தது. மறு கை கயிற்றைத் தாண்டி விழுந்தது.

“இதில் ஐந்து பேர்,” என்றார் சுவாமிகள்.

கூடத்தின் தரையில் அடிக்கு அடி சதுரக் கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. தவமணி அவற்றைக் காட்டினாள்.

“எங்களுக்கு இருபது கல்லு, சார். பக்கத்துல இருக்கிறவங்களுக்கு முப்பத்தாறு. வந்த அன்னைக்கே எண்ணிட்டேன்.”

அவன் படுத்தபடியே கற்களை எண்ணிப் பார்த்தான்.

பிறகு எழுந்து, வாசலோரத்து முதல் குடும்பத்திடம் போய் மன்னிப்புக் கேட்டுக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான். ஒவ்வொரு குடும்பத்திலும் எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டே போனான். சுவாமிகள் உடன் நடந்தார்.

கடைசிக் கயிற்றைச் சுருட்டும்போது, தலை நிமிராமல் சொன்னான்:

“பரப்பளவை அடுத்த வாரம் நடத்தலாம் என்று வைத்திருந்தேன், சுவாமி.”

“வெள்ளம் இந்த வாரம் வந்துவிட்டது,” என்றார் சுவாமிகள்.