ஆறு பேர், ஏழு நிழல்

மற்ற போட்டோகிராபர்கள் தலையை எண்ணிவிட்டுப் பட்டனை அழுத்துவார்கள். ஜெசிந்தா நிழலை எண்ணிவிட்டுத்தான் அழுத்துவார்.

ஏன் அப்படி என்று, அவரிடம் உதவிக்குச் சேர்ந்த முதல் வாரமே முனிரத்தினம் கேட்டார்.

"தலை பொய் சொல்லும்ணே" என்றார் ஜெசிந்தா. அதற்கு மேல் விளக்கவில்லை.

அந்த ராணுவ முகாமில் மாதத்தின் கடைசி நாள் என்றால் யாராவது ஓய்வு பெறுவார்கள். மாலை, சால்வை, கேடயம், ஒரு பேச்சு, டீ, சமோசா. பிறகு குடும்பத்தோடு ஒரு படம். கடைசியில் அவரைப் பூக்கட்டிய ஜீப்பில் உட்காரவைத்து, கூட வேலை பார்த்தவர்களே கயிறு போட்டு வாசல் வரை இழுத்துக்கொண்டு போய் விடுவார்கள். பதினான்கு வருடமாக இத்தனையையும் படம் பிடிப்பவர் ஜெசிந்தா. வயது முப்பத்தாறு. 'தாடையைக் கொஞ்சம் இறக்குங்க' என்று அவர் சொன்னால் சிப்பாயும் இறக்குவார், கர்னலும் இறக்குவார்.

முனிரத்தினம் இருபத்து நாலு வருட சர்வீஸ் முடித்து, ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். வயது நாற்பத்தாறு. குரு தன்னைவிடப் பத்து வயது சின்னவர் என்பதில் அவருக்கு ஒரு கூச்சமும் கிடையாது. மீசை சரியாக முளைக்காத அதிகாரிகளுக்கெல்லாம் சல்யூட் அடித்துப் பழகிய ஆள்.

ஓய்வு பெற்றதும் குடியாத்தம் பக்கம் தன் ஊருக்குப் போனார். பதினோராவது நாள் திரும்பி வந்துவிட்டார். "தொழில் கத்துக்கணும் மாஸ்டர்" என்றார். ஜெசிந்தா காரணம் கேட்காமல் ஒரு வெள்ளைத் தெர்மகோல் அட்டையை அவர் கையில் கொடுத்தார். படத்தில் முகம் இருட்டடிக்காமல் இருக்க, வெயிலை முகத்தின் மேல் திருப்பிவிடும் அட்டை. எட்டு மாதமாக அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

ஊரில் இருந்த அந்தப் பத்து நாளும் வீட்டில் சண்டை எதுவும் இல்லை. சண்டை இருந்திருந்தால் தேவலை. முதல் சோறு அவருக்குத்தான் போட்டார்கள். அவர் கூடத்துக்குள் வந்தால் இரண்டு பெண்களும் டிவியை அணைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். பத்தாம் நாள் காலை காபியைக் கொடுத்த மனைவி, லீவில் வரும்போதெல்லாம் கேட்ட பழக்க தோஷத்தில், "டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அன்றைக்கே டிக்கெட் எடுத்தார்.

இப்போது மூத்த மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை. மனைவி போனில் எல்லாம் சொல்லிவிட்டு, "முடிஞ்சா வாங்க" என்று முடித்தாள். அந்த 'முடிஞ்சா' முனிரத்தினத்தின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக்கொண்டிருந்தது.

மாதக் கடைசி நாள். மேடைக்குப் பின்னால் நின்று கேட்டார்.

"மாஸ்டர், ஒரு ஆளு சொந்த வீட்டுக்குள்ள எப்படிப் போறது?"

ஜெசிந்தா அவர் கையிலிருந்த தெர்மகோலை வாங்கிக்கொண்டு கேமராவைக் கொடுத்தார்.

"இன்னிக்குக் குடும்பப் படம் நீங்க எடுங்க."

அன்று ஓய்வு பெற்றவர் சுபேதார் ஏகாம்பரம். இருபத்தெட்டு வருட சர்வீஸ். மனைவி விசாலாட்சி, மகன், மருமகள், மகள், ஏகாம்பரத்தின் தம்பி. ஆக மொத்தம் ஆறு பேர் பரேடு மைதானத்து ஓரம் சிமெண்டுத் தரையில் வந்து நின்றார்கள். காலை ஒன்பதரை மணி வெயில் பின்னாலிருந்து சாய்வாக அடித்தது. நிழல்கள் முன்னால் நீளமாக விழுந்தன.

முதல் முறை கேமரா கையில் வந்ததும் முனிரத்தினத்துக்குள் இருந்த ஹவில்தார் முழித்துக்கொண்டார்.

"உயரம் வலது, குட்டை இடது! வரிசையா!"

பாவம், அவர்களும் நின்றார்கள். நெட்டையான சுபேதார் ஒரு கோடியில், குள்ளமான விசாலாட்சி மறு கோடியில்.

"அண்ணே, அவங்க ஊருக்குப் போறாங்க. எல்லைக்கு இல்ல" என்றார் ஜெசிந்தா. "அவங்களா நிக்கட்டும்."

அவர்களாகவே நின்றார்கள். விசாலாட்சி நடுவில். அவளுக்கு இடப்பக்கம் மகனும் மருமகளும். வலப்பக்கம் ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி. அதற்கப்புறம் மகளும் தம்பியும். சுபேதார் வரிசையின் கடைசியில், ஒரு கையில் தொப்பியும் மறு கையில் கேடயமுமாக, கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் ஆபீஸ்காரர் நிற்பதுபோல் நின்றார்.

"ஒட்டி நில்லுங்க" என்றார் முனிரத்தினம்.

ஒட்டி நின்றார்கள். கேமராவில் கண்ணை வைத்தார். இடைவெளி அப்படியே இருந்தது.

கண்ணை எடுத்துப் பார்த்தார். அப்போதும் இருந்தது. யாரும் காலை நகர்த்தியதாகத் தெரியவில்லை.

"இன்னும் ஒட்டி."

மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் நெருங்கினார்கள். மூன்று தடவையும் இடம் திறந்துகொண்டது.

"சார், நீங்க அங்க போய் நில்லுங்க."

சுபேதார் வந்து மனைவிக்கும் மகளுக்கும் நடுவில் நின்றார். முனிரத்தினம் மறுபடி கண்ணை வைத்தார். இப்போது விசாலாட்சியின் இடப்பக்கம், அவளுக்கும் மகனுக்கும் நடுவே, ஓர் ஆள் அகலத்துக்கு இடம் காலியாக இருந்தது.

கேமராவை இறக்கினார். தரையைப் பார்த்து நிழல்களை எண்ணினார். ஏழு.

இன்னொரு தடவை எண்ணினார். ஏழுதான். காலி இடத்துக்கு முன்னால் விழுந்திருந்த நிழல் விறைப்பாக, குதிகால் சேர்த்து, தலையில் தொப்பியோடு இருந்தது. சுபேதாரின் தொப்பி இன்னும் சுபேதாரின் கையில்தான் இருந்தது.

எல்லையில் இல்லாத பயம் அவருக்கு அந்தச் சிமெண்டுத் தரையில் வந்தது.

"மாஸ்டர்…"

ஜெசிந்தா பக்கத்தில் வந்து பார்த்தார். "ம்" என்றார்.

"தெரியுதா உங்களுக்கு?"

"இங்க வர்ற குடும்பத்துல பாதிக்கு இருக்கும்ணே."

விசாலாட்சி தன் பக்கத்தைக் குனிந்து பார்த்துவிட்டுச் சங்கடமாகச் சிரித்தாள்.

"இடம் விட்டுட்டோமா? பழக்கம்ங்க. இவரு இல்லாம போட்டோ எடுத்தா, இவருக்குன்னு ஒரு இடம் விட்டுத்தான் நிப்போம். பொண்ணுக்குக் காது குத்தினப்ப, பையன் கல்யாணத்துல, எல்லாத்துலயும். அந்தப் போட்டோவ இவருக்கு அனுப்புவோம்."

"எங்கிட்ட எல்லாம் பத்திரமா இருக்கு" என்றார் சுபேதார்.

விசாலாட்சி கணவரைப் பார்க்காமலே சொன்னாள்.

"பொய் சொல்வானேன்? அந்த இடத்துல நின்னவருகூடவே பழகிட்டோம். கோவப்பட மாட்டாரு. எங்கயும் போக மாட்டாரு. ஒரு மனக்கஷ்டம்னா அவருகிட்டதான் பேசுவேன்."

"எனக்கும் மாமான்னா அவருதான்" என்றாள் மருமகள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய இன்னொரு கை காட்டியது காலி இடத்தை.

சுபேதார் கேடயத்தைத் தரையில் வைத்தார். "அப்போ நான்?" என்றார்.

இருபத்தெட்டு வருட ஏக்கமெல்லாம் அந்த இரண்டு வார்த்தையில் இருந்தது. முனிரத்தினத்துக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம்போல் இருந்தது.

"மாஸ்டர், அதை எப்படி வெரட்டறது?" என்று கிசுகிசுத்தார்.

ஜெசிந்தா அவரை முறைத்தார். "அண்ணே, காவலுக்கு நிக்கிற ஒருத்தர் எப்போ நகருவார்?"

"மாத்தற ஆளு வந்தாத்தான்."

"வந்து பக்கத்துல நின்னா போதுமா?"

"பத்தாது மாஸ்டர். எதிர்ல போய் நிக்கணும். அவன் டியூட்டியில இன்னா இன்னா நடந்துச்சின்னு கேட்டு, ஒண்ணு விடாம வாங்கிக்கணும். அப்புறம் 'சார்ஜ் எடுத்துக்கிட்டேன்'னு வாயைத் திறந்து சொல்லணும். அதுவரைக்கும் அவன் நிப்பான். உயிரே போனாலும் நிப்பான்."

"சார்கிட்ட சொல்லுங்க."

முனிரத்தினம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுபேதார் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தொப்பியைத் தலையில் வைத்தார். வரிசையை விட்டு வெளியே வந்து, திரும்பி, காலி இடத்துக்கு இரண்டடி முன்னால் விறைப்பாக நின்றார்.

"உங்க டியூட்டியில என்ன நடந்துச்சு?" என்று கேட்டார்.

காலி இடம் பேசவில்லை. ஜீப்புக்குப் பூக்கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

முதலில் புரிந்தது விசாலாட்சிக்கு.

"பெரியவனுக்கு ஒன்பது மாசத்துல மஞ்சக்காமாலை வந்துச்சு. ஆஸ்பத்திரியில பதினேழு நாள். உங்களுக்கு 'சளி'ன்னு எழுதினேன்."

"சரி" என்றார் சுபேதார்.

"காலேஜ்ல மொத வருஷம் பெயிலாயிட்டேம்பா" என்றாள் மகள். "உங்ககிட்ட பாஸுன்னு சொன்னோம்."

"சரிம்மா."

"கிணத்தடி நிலத்தை வித்துட்டேண்ணா. உங்ககிட்ட சொல்ல பயம்" என்றார் தம்பி.

சுபேதாரின் மீசை துடித்தது. "சரி."

கடைசியாக மகன் வாய் திறந்தான்.

"தாத்தா கடைசியில உங்க பேரைச் சொல்லியே கூப்பிட்டுட்டு இருந்தாரு. தாங்க முடியல. நான் குரலை மாத்தி, 'இருக்கேம்பா'ன்னு சொன்னேன். அவரு நம்பிட்டாரு."

சுபேதாருக்கு 'சரி' உடனே வரவில்லை. வந்தபோது அது காற்றாகத்தான் வந்தது.

"இன்னும் இருக்கா?"

"நிறைய இருக்கு" என்றாள் விசாலாட்சி. "வீட்டுல சொல்றேன். வாங்க."

அவர் எதிரே இருந்த வெறும் காற்றுக்கு ஒரு சல்யூட் அடித்தார். பெரிய அதிகாரிக்கு அடிக்கும் சல்யூட்.

"சார்ஜ் எடுத்துக்கிட்டேன்."

இரண்டடி முன்னால் வந்து, திரும்பி, அந்த இடத்தில் நின்றார்.

கொஞ்ச நேரத்தில் மைதானத்துக்கு அந்தப் பக்கம், முகாம் வாசலில் நின்ற காவல்காரன் தடாலென்று காலை உதைத்து விறைத்து நின்றான். யாரும் போகாத சாலையைப் பார்த்து சல்யூட் வைத்தான். பிறகு தன்னை யாராவது பார்த்தார்களா என்று அசடு வழியச் சுற்றிலும் பார்த்துக்கொண்டான்.

முனிரத்தினம் தரையைப் பார்த்தார். ஆறு. தோளோடு தோள் உரசிக்கொண்டு ஆறு பேர். விசாலாட்சி அழுதுகொண்டிருந்தாள். 'சிரிங்க' என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அப்படியே எடுத்தார்.

ஜீப்பை இழுத்துக்கொண்டு போனார்கள். கயிறு பிடித்தவர்களின் கூச்சல் வாசலைத் தாண்டி அடங்கியது. ஜெசிந்தா பையில் லென்ஸ்களை அடுக்கிக்கொண்டிருந்தார். முனிரத்தினம் உதவிக்குப் போகாமல் நின்ற இடத்திலேயே நின்றார்.

"மாஸ்டர், நான் ரிட்டயர் ஆனப்ப எங்க குடும்பத்தையும் நீங்கதானே எடுத்தீங்க. அன்னிக்கு நிழலை எண்ணினீங்களா?"

"எண்ணினேன்."

"நாங்க நாலு பேரு."

"ஆமா."

"நிழலு?"

"அஞ்சு."

முனிரத்தினத்துக்கு வெயிலில் குளிர்ந்தது. "அன்னிக்கே ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

யோசித்துப் பார்த்தார். "ஓடியிருப்பேன்."

"சொல்லாமலே ஓடி வந்துட்டீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவன் நல்லவன்போல மாஸ்டர். எட்டு மாசமா நான் இல்லாம வீட்டுல ஒரு குறையும் இல்ல. ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளை வீட்டுக்காரங்கள 'வாங்க'ன்னு கூப்பிடறதுகூட அவனே பாத்துப்பான். அவங்களுக்கும் அவனத்தான் பிடிச்சிருக்கு. நான் போய் எதிர்ல நின்னு சார்ஜ் கேட்டா, 'தர மாட்டேன் போடா'ன்னு சொல்லிட்டான்னா?"

ஜெசிந்தா பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"இருபத்து நாலு வருஷமா அவரும் லீவு கேட்டுக்கிட்டுத்தான் நிக்கிறாருண்ணே."