கறுப்பு நூல் கட்டிய குட்டிகள்

குதிரை வைத்திருந்தவனைத்தான் ராஜா என்று ஊர் மதித்த அந்தக் காலத்தில், மருதவெளிச் சீமையை ரணவீரமாறன் என்றொருவன் ஆண்டு வந்தான். கோபம் வந்தால் முன்பின் யோசிக்க மாட்டான். குதிரை என்றால் உயிரை விடுவான். அந்த வருஷம் அவன் லாயத்தில் குட்டிகள் ஒவ்வொன்றாகச் செத்தன. வயிறு பானை மாதிரி உப்பும், விலா எலும்பு துருத்தும், அப்புறம் ஒருநாள் படுத்தது எழுந்திருக்காது.

லாயத்தில் லத்தி அள்ளுகிற செல்லாண்டிக்குக் காரணம் தெரியும். அரண்மனை வைத்தியர் நீலகண்டர் கொடுக்கும் பூச்சி மருந்துக்கு முன்பெல்லாம் லத்தியோடு வெள்ளைப் புழுக்கள் கயிறு கயிறாக விழும். இரண்டு வருஷமாக ஒன்றும் விழவில்லை. அவளே புழு கொல்லும் புரசு விதையும் வாய்விடங்கமும் சேர்த்து அரைத்து, நோஞ்சான் குட்டி ஒன்றுக்குக் கொடுத்துப் பார்த்தாள். அது பிழைத்துக்கொண்டது.

விஷயம் நீலகண்டர் காதுக்குப் போனது. மறுநாளே அவளைச் சபையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

"மகாராஜா, இவள் குட்டிகளுக்கு விஷம் வைக்கிறாள். என் மருந்து மூன்று தலைமுறையாகக் கொடுத்த மருந்து."

"அதனால்தான் மகாராஜா புழுவுக்கு அது பழகிப்போச்சு" என்றாள் செல்லாண்டி.

ராஜா மீசையைத் தடவினான். "இரண்டு பேரில் ஒருவர் பொய். பொய் யாருடையதோ அவர் இந்தச் சீமையில் இருக்கக்கூடாது. எப்படிக் கண்டுபிடிப்பது?"

"குட்டிகளைக் கேட்போம்" என்றாள் அவள்.

சபை சிரித்தது. மந்திரி அறவாணர் மட்டும் சிரிக்கவில்லை. "எப்படி அம்மா கேட்பது?"

அவள் சொன்னாள். நோய் கண்ட முப்பது குட்டிகளைத் திருவுளச்சீட்டுப் போட்டுப் பத்துப் பத்தாகப் பிரிக்க வேண்டும். பத்துக்கு வைத்தியர் மருந்து, பத்துக்கு இவள் மருந்து, பத்துக்கு வெறும் வெல்லம். எல்லாம் ஒரே மாதிரி வெல்ல உருண்டை. சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று கழுத்தில் நூல். எந்த நூலுக்கு எந்த உருண்டை என்பது மந்திரிக்கு மட்டும் தெரியும். அவர் அதை ஓலையில் எழுதி ராஜமுத்திரை வைத்துவிட வேண்டும்.

"வெறும் வெல்லம் எதற்கு?" என்றார் நீலகண்டர் எரிச்சலாக.

"மருந்தே இல்லாமலும் சில குட்டி தேறும் சாமி. அந்தப் பேரை நாம இரண்டு பேருமே தட்டிக்கொண்டு போகக்கூடாது."

ராஜாவுக்கு அது பிடித்துப்போனது. ஏழு நாள் தவணை வைத்தான். ஆனால் சீட்டுப் போட்டபோது அவன் செல்லக் குட்டி பவளத்தின் கழுத்தில் மஞ்சள் நூல் ஏறியது. மஞ்சள் வெறும் வெல்லமாக இருந்துவிட்டால் என்று செல்லாண்டி பயந்தாள். பவளத்தைத் தாய் வயிற்றிலிருந்து இழுத்து எடுத்தவளே அவள்தான்.

இரண்டாம் நாள் காலையில் கறுப்பு நூல் குட்டி ஒன்று வயிறு வலித்துத் தரையில் புரண்டது. நீலகண்டர் ராஜாவையே கூட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"பார்த்தீர்களா! கறுப்பு நூல் இவள் மருந்துதான். சத்தியம் செய்கிறேன்."

"உன் மருந்தா?" என்று ராஜா வாள்பிடியில் கை வைத்தான்.

"தெரியாது மகாராஜா" என்றாள். அது உண்மை. தன் மருந்தாக இருக்குமோ என்று அவளுக்கும் பயம்தான். குட்டியை எழுப்பி, வெந்நீர் புகட்டி, உச்சிப்பொழுதுவரை நடத்திக்கொண்டே இருந்தாள். கடைசியில் அது லத்தி போட்டது. சுருட்டிய கயிறு போலப் புழுக்கள் வந்து விழுந்தன. மொத்தமாகச் செத்த புழு குடலை அடைத்திருக்கிறது. குட்டி உடம்பை உதறிக்கொண்டு புல்லை மோந்தது.

நாலாம் நாள் பவளம் தலை தொங்கி நின்றது. ராஜா தனியாக வந்தான். குரலில் அதிகாரம் இல்லை.

"செல்லாண்டி, ஓலையைப் பிரித்துப் பார்த்துவிடுவோமா?"

அவளுக்கும் அதே ஆசைதான். "பிரித்தால், உங்களுக்குப் பயந்து ஆளாளுக்குக் கொள்ளும் புல்லும் வேண்டிய பக்கம் கூடப் போடுவார்கள் மகாராஜா. அப்புறம் எந்த மருந்து கேட்டது என்று யாருக்கும் தெரியாது. இன்னும் நூறு குட்டி நோயோடு நிற்கிறது." சொல்லிவிட்டுத் திரும்பி நின்று அழுதாள். ராஜா பவளத்தைத் தடவிக்கொடுத்துவிட்டுப் போனான்.

ஏழாம் நாள் முப்பது குட்டிகளும் சபை முற்றத்தில் நின்றன. கறுப்பு நூல் பத்தும் துள்ளின. சிவப்பும் மஞ்சளும் ஒன்றுபோல் வாடி நின்றன.

"முத்திரையை உடைக்கும் முன் இருவரும் சொல்லுங்கள். உங்கள் மருந்து எது?" என்றார் மந்திரி.

நீலகண்டர் முந்திக்கொண்டார். "கறுப்பு. சந்தேகம் என்ன? பார்த்தாலே தெரிகிறதே."

"நீ சொல்" என்றான் ராஜா செல்லாண்டியிடம்.

"தெரியாது மகாராஜா. அன்றைக்குக் குட்டி புரண்டபோது கறுப்பு இவள் மருந்து என்று ஐயா சத்தியம் செய்தார். இன்றைக்குக் குட்டி துள்ளுகிறது, தன் மருந்து என்கிறார். இரண்டும் மெய்யாக இருக்க முடியாதே."

சபையில் சிரிப்பு அடங்க நேரமானது. மந்திரி ஓலையைப் பிரித்தார். கறுப்பு, செல்லாண்டியின் மருந்து. சிவப்பு, வைத்தியர் மருந்து. மஞ்சள், வெல்லம்.

"வைத்தியரே, மூன்று தலைமுறையாக எனக்கு வெல்லம் கொடுத்திருக்கிறீர்" என்றான் ராஜா.

"இல்லை மகாராஜா, அவர் தாத்தா காலத்திலிருந்து இரண்டு வருஷம் முன்புவரை அது நன்றாகக் கேட்டது" என்றாள் செல்லாண்டி. "பிறகு யாரும் லத்தியைக் குனிந்து பார்க்கவில்லை. அவரை ஊரைவிட்டு அனுப்ப வேண்டாம்."

"சரி. நாளையிலிருந்து அவர் உன் கூடையைத் தூக்கட்டும். குனிந்து பார்க்கட்டும்."

பட்டும் பட்டமும் கொண்டுவரச் சொன்னான். அவள் நிற்கவில்லை. பவளத்திடம் ஓடினாள். ஒரே தடவையில் கொடுத்தால் குடல் அடைக்கும் என்று உருண்டையைப் பாதியாகக் கிள்ளிக் கொடுத்தாள். மறுநாள் பாதி. ராஜா சிம்மாசனத்தை மறந்து லாயத்திலேயே நின்றான். மூன்றாம் நாள் புழு விழுந்தது. பவளம் தள்ளாடிப் போய்த் தாய் மடியில் முட்டியது.

ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இனி எல்லாக் குட்டிக்கும் மாதாமாதம் உன் மருந்துதான்."

"வேண்டாம் மகாராஜா. புழு இருக்கிற குட்டிக்கு மட்டும் போதும். இல்லாவிட்டால் என் மருந்துக்கும் அது பழகிவிடும். வருஷம் ஒருமுறை இதே மாதிரி நூல் கட்டி என் மருந்தையும் சோதிக்க வேண்டும். நான் கேட்கிற பரிசு அதுதான்."

"உன் மருந்து தோற்றால்?"

"அன்றைக்கு வேறு மருந்து தேடுவோம். குட்டி சாகாது" என்றாள் செல்லாண்டி.

ராஜா அப்படியே உத்தரவு எழுதச் சொன்னான்.