பத்துப் போஸ்டரும் ஒரு மாப்பிள்ளையும்

அப்பாவிபாளையத்தில் காது குத்தினால் போஸ்டர், வண்டி வாங்கினால் போஸ்டர், அந்த வண்டியை விற்றாலும் போஸ்டர். வெள்ளியங்கிரியின் முகம் மட்டும் எந்தச் சுவரிலும் இல்லை. வயசு ஏறியதே தவிர பெண் அமையவில்லை.

"செவுத்துல மூஞ்சி இல்லாதவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்று தரகர் நேரிலேயே கேட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை வருகிற இடமும் தட்டிப்போனால் இனிமேல் அவர் இந்தப் பக்கமே வரமாட்டாராம். வெள்ளியங்கிரிக்கு அழுகை வந்துவிட்டது.

நல்லவேளையாக, பத்தே பத்துப் போஸ்டர் கேட்டாலும் முகம் சுளிக்காமல் அடித்துத் தரும் கடை ஒன்று டவுனில் வந்திருந்தது. கூலிங் கிளாஸ் போட்ட போட்டோவைக் கொடுத்து அடித்து வாங்கினான். ஒட்டுகிற பொறுப்பைச் சிநேகிதர்கள் சென்னியப்பனுக்கும் இருசப்பனுக்கும் கொடுத்தான்.

"ரெண்டே விசயந்தான். வர்றவங்க கண்ணுல படோணும். மாடு திங்கக்கூடாது."

அந்த ஊர் மாடுகள் மைதாப் பசை வாசத்துக்குப் போஸ்டரைக் கிழித்துத் தின்றுவிடும். இருவரும் பசை வாளியை நடுவில் வைத்துக்கொண்டு யோசித்தார்கள்.

"உசரத்துல ஒட்டீரலாமா?"

"வர்றவங்களுக்குக் கழுத்து வலிக்குமேடா."

"அப்ப மாட்டுக்கு எட்டாத எடம் எது?"

இருசப்பன் வெகுநேரம் கண்ணை மூடியிருந்தான். "மாட்டோட முதுகு! எந்த மாடாச்சும் தன் முதுகத் தானே தின்னிருக்குதா?"

"பக்கத்து மாடு தின்னுட்டா?"

"அது முதுகுலயும் ஒட்டீட்டா அதுக்கும் பொறுப்பு வந்துருமல்ல?"

சென்னியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட மூளை ஊருக்குள் வீணாய்க் கிடக்கிறதே! ஊர்க்காரர் காளியண்ணனின் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் பிடித்து ஆளுக்கு ஒரு பக்கமாய் நின்று ஒட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை பெண்ணின் அப்பா வந்து இறங்கியதும் எதிர்ப்பட்டவனிடம் விசாரித்தார். எதிர்ப்பட்டவன் சென்னியப்பன்.

"மாப்பிள்ளை வெள்ளியங்கிரி எங்கிருக்காருங்க?"

"ஒருத்தரு ஓடையில தண்ணி குடிக்கறாருங்க. ரெண்டு பேரு சோளக்காட்டுக்குள்ள பூந்துட்டாங்க. மத்தவங்கெல்லாம் மேயறாங்க."

பெரியவர் திரும்பிப் பார்த்தார். மாட்டுக்கு மாடு மாப்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தார்.

"இத்தனை மாடா! மாட்டையே இப்படிப் போட்டோ போட்டு வெச்சிருக்கறவரு, எம் பொண்ண எப்படி வெச்சிருப்பாரு!"

அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிவிட்டார்கள். கிளம்பும்போதுதான் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "கல்யாணத்தன்னிக்கு அந்த மாடுகள மண்டபத்து வாசல்ல கட்டிருங்க மாப்ள. எங்க சனம் பாக்கோணும்."

வெள்ளியங்கிரிக்கு மாடென்ன, ஒரு கோழிகூடக் கிடையாது. முகூர்த்தத்துக்கு முன்பே காளியண்ணன் தன் மாடுகளையெல்லாம் கழுவிச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார். கல்யாணம் நின்றுவிடும் என்று மாப்பிள்ளை தலையில் கைவைத்துக்கொண்டார்.

முகூர்த்தத்தன்று விடிந்ததும் சிநேகிதர்கள் பசை வாளியோடு வந்தார்கள். கையில் சுடச்சுடப் பத்துப் போஸ்டர். எல்லாவற்றிலும் மாட்டுப் படம்.

"மாட்டு மேல உன்ன ஒட்டினோம், பொண்ணு அமைஞ்சுது. இப்ப உம்மேல மாட்ட ஒட்டீட்டா வேலை முடிஞ்சுது. சட்டையக் கழட்டு."

வெள்ளியங்கிரிக்கு ஒரே ஒரு சந்தேகம். "ஏண்டா, பசை வாசத்துக்கு மாடு வந்து என்னையத் திங்காதா?"

"எப்புடிறா திங்கும்? தன் மூஞ்சியத் தானே எந்த மாடாச்சும் தின்னிருக்குதா?"

மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உயிர் வந்தது. பட்டுச் சட்டையைக் கழற்றிவிட்டு, ஒட்டுவதற்கு வாகாக இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார்.