மணியை அடித்தவர்

"ஒலிவாங்கிக்கு முன்னால் இருக்கிறவனுக்கு முதலில் வேண்டியது குரல் இல்லை" என்று ஐயா ஏதோ சொல்லுவார். அதன் அடுத்த பாதி கௌரிதாசனுக்கு மறந்துவிட்டது. ஒஸ்லோவில் இருபத்திரண்டு ஆண்டுகள் பஸ் ஓட்டியவனுக்கு இந்தப் பாதி நினைவிருந்ததே பெரிய காரியம்.

நாற்பத்தெட்டு வயதில் யாழ்ப்பாணம் திரும்பி, ஒரு சிறிய வானொலியில் சேர்ந்திருந்தான். ஒஸ்லோ போவதற்கு முன் அவனுக்கு வானொலித் தொழில் கற்றுக்கொடுத்த வல்லிபுரநாதன் ஐயாவின் நினைவு நிகழ்ச்சியைத் தயாரித்து வைப்பதுதான் முதல் வேலை. அவர் உயிரோடு இருக்கும்போதே.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டு நின்றான். ஐயாவே கண்டுபிடித்துவிட்டார். பெரியவர்களின் நினைவு நிகழ்ச்சியை முன்கூட்டியே செய்து அலமாரியில் வைக்கும் வழக்கத்தைத் தொடக்கிவைத்தவரே அவர்தான்.

"பெட்டிக்கு அளவெடுக்க வந்தனீரோ?"

"ஐயா..."

"வெக்கப்படாதையும். எத்தினை நிமிஷம்?"

"ஒரு மணித்தியாலம்."

"விளம்பரத்தோடயோ?"

"விளம்பரம் இல்லாமல்."

"அப்ப மரியாதையாத்தான் அனுப்புறாங்கள். இரும்."

கௌரிதாசன் உட்கார்ந்தான். மறந்துபோன பாதியைக் கேட்டான்.

"அப்பிடிச் சொன்னனானோ?" ஐயா சிரித்தார். "நல்லாயிருக்கு. மிச்சத்தை நீரே எழுதும்."

பிறகு கௌரிதாசன் தான் எழுதியதை வாசித்துக் காட்டினான். முப்பத்தாறு ஆண்டுகள் செய்தி வாசிப்பு. பதினொரு புத்தகங்கள். ஒரு பெயரைக்கூடப் பிழையாக வாசிக்காதவர். ஐயா கண்ணை மூடிக்கொண்டு, வேறு யாருடைய கதையோ போலக் கேட்டார்.

கடைசியில் கௌரிதாசன் ஒரு பழுப்பேறிய தாளை எடுத்து மேசையில் வைத்தான். ஊரைவிட்டுப் போகும்போது ஐயா கொடுத்த அகராதிக்குள் இருந்த தாள்.

கிழக்குக் கரையைச் சூறாவளி அடித்துப்போட்ட வாரம், எம்.பி. ஒருவர் வானொலியில் பேசினார். "கூரை பிறகு வரட்டும். முதலில் மணியை அடியுங்கள்." மறுநாள் கரை நெடுகக் கூரையில்லாத பள்ளிக்கூடங்களில் மணி அடித்தது. பிள்ளைகள் வந்து மரத்தடியில் இருந்தார்கள். இன்றைக்கும் எந்த வேலையைத் தொடங்கத் தயங்கினாலும், "முதல்ல மணியை அடி" என்கிறார்கள். எம்.பி.யின் சிலைக்குக் கீழே அந்த வசனம் பொறித்திருக்கிறது.

அந்தப் பேச்சுத்தான் தாளில் இருந்தது, ஐயாவின் கையெழுத்தில்.

"நிகழ்ச்சி இதோடதான் தொடங்கும், ஐயா. இதை எழுதினது நீங்களெண்டு சொல்லப்போறன். உங்களுக்குச் சேரவேண்டியது நீங்கள் போன பிறகாவது சேரட்டும்."

ஐயா தாளை எட்டப் பிடித்துப் பார்த்தார்.

"என்ர கையெழுத்து அப்ப வடிவாத்தான் இருந்திருக்கு."

"ஐயா, பகிடி விடாதையுங்கோ."

"சரி. தெரியாத ஊரின்ர பெயர் செய்தியில வந்தால் நான் என்ன செய்யிறனான்?"

"அந்த ஊருக்குப் போன் எடுத்து, எப்பிடிச் சொல்லுறதெண்டு கேப்பீங்கள். நிலையத்தில எல்லாரும் நக்கலடிப்பினம்."

"ஓம். அந்தக் கிழமை அழிஞ்ச ஊருகளின்ர பட்டியல் இங்கிலீசில வந்தது. அதில ஒண்டு கண்டலோடை. மூண்டாம் நாள்தான் அங்கத்தைத் தபால் கந்தோருக்கு லைன் கிடைச்சது. ஒரு பெண் எடுத்தா. ஊர்ப் பெயரைச் சொல்லுங்கோ எண்டன். சொன்னா. இன்னொருக்கா எண்டன். சொன்னா. பிறகுதான் நிலைமை எப்பிடியெண்டு கேட்டன். 'பள்ளிக்குக் கூரை இல்ல. மணி இருக்கு. அடிச்சாச்சி. பிள்ளைகள் வருதுகள்' எண்டா. லைன் அறுந்திட்டுது. அண்டு பின்னேரம் எம்.பி.க்கு இந்தப் பேச்சை எழுதிக் குடுத்தன்."

"ஆர் ஐயா அவ?"

ஐயா தாளை மடித்தார்.

"ஊர்ப் பெயரை ரெண்டுதரம் கேட்டனான். அவவின்ர பெயரைக் கேக்கேல்லை."

கௌரிதாசன் தன் பிரதியைப் பார்த்தான். ஒரு பெயரைக்கூடப் பிழையாக வாசிக்காதவர் என்று அதில் எழுதியிருந்தது.

"பிறகு தேடேல்லையோ?"

"அடுத்த மாசமே போனன். தபால் கந்தோரிலை புது ஆள். அண்டைக்கு வந்து உதவினவை கனபேராம், ஆர் போனை எடுத்ததெண்டு அவருக்குத் தெரியேல்லை. சரி, மணியை அடிச்சது ஆரெண்டாவது கேப்பம் எண்டு வெளிக்கிட்டன். தேத்தண்ணிக் கடைக்காரி தான்தான் எண்டா. சைக்கிள் திருத்திறவர் தான்தான் எண்டார். ரெண்டு வாத்திமார் அந்த ஒரு விஷயத்தாலை கதைபேச்சில்லாமல் இருந்தினம்."

"பொய் சொன்னவையோ?"

"நெஞ்சை நிமித்திக்கொண்டு சொன்னவை."

"நீங்கள் ஆரை நம்பினீங்கள்?"

"எல்லாரையும்" என்றார் ஐயா. "பதினொரு புத்தகம் எழுதினனான், கௌரி. அதில ஒரு வரிக்கும் இப்பிடிச் சண்டை பிடிக்க ஆள் வரேல்லை."

தாளை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் காலை கௌரிதாசன் ஒலிப்பதிவுக் கருவியோடு கிழக்கே போகும் பஸ்ஸில் ஏறினான். மடியில் பிரதியை விரித்து, தொடக்கத்தில் அந்த வசனத்தை எழுதியவர் ஐயாதான் என்று இருந்ததை வெட்டினான். அந்த இடத்தில், "கண்டலோடைப் பள்ளிக்கூட மணி, பதினைந்து விநாடி. அறிமுகம் வேண்டாம்" என்று எழுதினான்.