மூழ்க விட்ட படகு

"அம்மா, என் படகு ஒழுகுது."

தவமணி தன் படகுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"எந்தப் படகு ஒழுகல பாய்?"

நாகூர்கனி மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் தையல்காரர். தவமணியைவிட வயதில் ரொம்ப மூத்தவர். ஆனாலும் அந்த ஏரிக்கரையில் சந்தேகம் என்றால் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். அவள் யாரையும் சீடர் என்று சொன்னதில்லை. வந்தவர்கள்தான் அப்படிச் சொல்லிக்கொண்டார்கள்.

அந்தக் கரையில் சும்மா போய்வரப் படகு வைத்திருப்பவர்கள் சிலர் உண்டு. மருந்துக்கடை ரத்தினவேல், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், இப்படி. மீன் பிடிக்கவும் இல்லை, ஆள் ஏற்றவும் இல்லை. லீவு நாளில் தண்ணீர்மேல் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவார்கள்.

அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. தன் படகைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொருத்தர் படகில் கை வைக்கக் கூடாது. வாயால் சொல்லலாம். அவ்வளவுதான்.

"ஒழுகுதுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் தவமணி.

"குடம் குடமா உள்ள ஊத்திப் பார்த்தேன். எல்லாம் மணல்ல போயிடுச்சு."

"ஏரியில விட்டுப் பார்த்தீங்களா?"

"ஒழுகுறத எப்படிம்மா விடுவேன்? வாங்கின நாள்லேர்ந்து ஒரு சொட்டு ஈரம் படாம வெச்சிருக்கேன். மேல தார்ப்பாய், அதுக்கு மேல ஓலை."

"அதான் ஒழுகுது," என்றாள் அவள்.

அவருக்குப் புரியவில்லை.

"தண்ணியில விடுங்க பாய்."

அவர் எழுந்து போனார். ஆனால் தண்ணீரில் விடவில்லை.

*

நாகூர்கனி நல்ல கைவேலைக்காரர். படகுக்கு நீலத் துணியில் கூரை தைத்தார். உட்காரும் பலகைக்குப் பஞ்சு மெத்தை. சாய்ந்துகொள்ளத் திண்டு. டிபன் கேரியர் மாட்ட ஒரு கொக்கி. முனையில் ஒரு சைக்கிள் மணி.

ரத்தினவேல் வந்து சுற்றிப் பார்த்தார்.

"என்ன பாய், படகா, கல்யாண மேடையா?"

"எங்க வீட்டம்மா உட்காரப்போற இடம்."

ரத்தினவேல் அதற்கு மேல் கேலி பேசவில்லை. அவர் கடையில்தான் நாகூர்கனியின் மனைவி ஜுலைகாவுக்குக் கண் மருந்து வாங்குவார்கள்.

ஜுலைகாவின் பார்வை ஓரத்திலிருந்து மூடிக்கொண்டே வந்தது. மூடினது மூடினதுதான், இனி திறக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சம் எவ்வளவு நாள் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஏரி நடுவில் ஒரு மணல்திட்டு. பனிக்காலத்தில் அங்கே பூநாரைகள் வந்து இறங்கும். கரையிலிருந்து பார்த்தால் யாரோ ரோஸ் சேலையைக் காயப்போட்ட மாதிரி இருக்கும். அதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்பது ஜுலைகாவின் ஆசை.

"என் படகுல ஏறிக்குங்க அக்கா, இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன்," என்றார் ரத்தினவேல்.

"வேணாம் தம்பி," என்றாள் ஜுலைகா. "இவரு தைச்ச துணியத்தான் இத்தனை வருஷமா உடுத்துறேன். இவரு படகுலதான் போவேன்."

வெயில்காலம் தொடங்கினால் பறவைகள் வடக்கே போய்விடும்.

*

நாகூர்கனி பலகைகளுக்கு நடுவில் இருந்த இடுக்குகளை எல்லாம் அடைத்தார். பஞ்சைத் திரியாகத் திரித்து, உளியும் சுத்தியலும் வைத்து அடித்து இறக்கினார். இடம் இல்லாத இடத்திலும் இன்னும் ஒரு திரி. அதன்மேல் பெயிண்ட் கடைப் பட்டி. காய்ந்ததும் கல் மாதிரி ஆகிவிட்டது.

ஜுலைகா பக்கத்தில் உட்கார்ந்து பஞ்சு திரித்துக் கொடுத்தாள். அவள் அவர் கடையில் காஜா எடுப்பவள். சட்டைக்குப் பொத்தான் ஓட்டை வெட்டி, சுற்றி நூல் கட்டுகிற வேலை.

தவமணி அந்த வழியாக வந்தாள்.

"ஏன் பாய் இவ்வளவு இறுக்கம்?"

"நனைஞ்சா சுருங்குமே அம்மா. அதுக்கும் சேர்த்துத்தான்."

தவமணி அவரையே பார்த்தாள்.

ஜுலைகா திரித்துக்கொண்டே சொன்னாள். "என்னாங்க, எனக்கு ஒண்ணு தோணுது. கண்ணு போனப்புறம் காஜா எடுக்க விரலே..."

"அந்தப் பேச்சு வேணாம் புள்ள."

"இல்லங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"வேணாம்னா விடேன்!"

அவர் இன்னும் ஒரு திரியை அடித்து இறக்கினார்.

"நல்லா அடைக்கிறீங்க பாய்," என்றாள் தவமணி. போய்விட்டாள்.

பாராட்டு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

*

படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

நாகூர்கனி சைக்கிள் மணியை அடித்தார். கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். படித்துறையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய், "நாளைக்குக் காலையில நல்ல சேலையாக் கட்டிக்க," என்று ஜுலைகாவிடம் சொன்னார்.

காலையில் அவள் மாம்பழக் கலர் சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. கல் மாதிரி இருந்த பட்டி, பிதுக்கினாற்போல வெளியே தள்ளிக்கொண்டு நின்றது. ஒரு பலகை ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வளைந்திருந்தது.

யாரும் இடிக்கவில்லை. அலைகூட இல்லை. ராத்திரி முழுக்கத் தண்ணீர் அசையாமல்தான் இருந்தது.

"என்னாங்க ஆச்சு?" என்றாள் ஜுலைகா.

அவர் நேரே தவமணியிடம் போனார்.

*

"என் படகை யாரு உடைச்சது அம்மா?"

தவமணி கேட்டாள். "உங்ககிட்ட புதுத் துணி வந்தா முதல்ல என்ன செய்வீங்க?"

"நனைச்சுக் காயவைப்பேன். அப்புறம்தான் கத்தரி."

"ஏன்?"

"அது சுருங்குற வரைக்கும் சுருங்கிடணும். வெட்டித் தைச்சப்புறம் சுருங்குனா போட்டவனுக்கு மூச்சு முட்டும்."

"சரி. மழைக்காலத்துல உங்க கடைக் கதவு?"

"அதையேன் கேக்குறீங்க. உப்பிக்கும். தோளால முட்டித்தான்..."

அவர் வாய் அப்படியே நின்றுவிட்டது.

தவமணி எண்ணெய்த் துணியைப் பிழிந்தாள்.

"மரத்தையும் துணின்னு நெனைச்சுட்டேன்," என்றார் அவர்.

*

அடைத்ததை எல்லாம் சுரண்டி எடுத்தார். கொத்திக் கொத்தி விரல் நகம் பிய்ந்தது. வளைந்த பலகையைப் பதமாகத் தள்ளிப் பழைய இடத்தில் சேர்த்துப் புது ஆணி அடித்தார். அகலமான இடுக்குகளில் மெல்லிய திரி ஒன்றை மட்டும், அழுத்தாமல், மடிப்புக்கு விடுகிற துணி மாதிரி, சும்மா வைத்தார்.

உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தார். இடுக்கு வழியே வெயில் கோடு கோடாக அவர் மடியில் விழுந்தது.

"அம்மா, இதுல வெளிச்சமே உள்ள வருது!"

"தண்ணியில விடுங்க பாய்."

இந்தத் தடவை விட்டார்.

எல்லாப் பக்கத்திலிருந்தும் தண்ணீர் வந்தது. அவர் வாளியை எடுத்து மொண்டு ஊற்றினார். ஊற்ற ஊற்ற வந்தது.

"மொண்டு ஊத்தாதீங்க."

"முழுகிடுமே!"

"முழுகட்டும்."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு இல்லை. வாளியைக் கீழே வைத்தார். இடுப்பளவு தண்ணீரில் நின்று, கயிற்றைப் பிடித்தபடி, தான் மெத்தை தைத்த படகு மெல்ல இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெத்தை மிதந்து வெளியே வந்தது. திண்டு பின்னாலேயே வந்தது. கடைசியில் படகின் விளிம்பும், நீலக் கூரையும், சைக்கிள் மணியும்தான் வெளியே தெரிந்தன.

"பாய், நீர்மூழ்கிக் கப்பலா மாத்திட்டீங்களா?" என்று ரத்தினவேல் கரையிலிருந்து கூவினார்.

நாகூர்கனி திரும்பவில்லை. தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"எத்தனை நாள் அம்மா?"

"அது மரத்துக்குத்தான் தெரியும்."

"பறவை போயிடுமே. அவ கண்ணு..." அவர் நிறுத்திக்கொண்டார்.

தவமணி அவர் முடிப்பதற்காகக் காத்திருந்தாள். அவர் முடிக்கவில்லை.

*

தினமும் காலையில் இருவரும் படித்துறைக்கு வந்தார்கள். அவர் வானத்தைப் பார்த்தார். வெயில் சூடாகிக்கொண்டு வந்தது. திட்டிலிருந்து ஒரு கூட்டம் எழும்பி வடக்கே போனது.

ஜுலைகா கீழ்ப்படியில் உட்கார்ந்து, முழங்கை வரைக்கும் தண்ணீருக்குள் கைவிட்டு, படகின் பக்கப் பலகையைத் தடவினாள்.

"இங்க நகம் உள்ள போகுதுங்க," என்றாள் முதல் நாள்.

மறுநாளும் அதே இடத்தைத் தடவினாள். "நகம் போகல. ஊசி போகும்போல."

அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மூழ்கின படகைப் பார்க்கவே பிடிக்காமல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் ஒரு காலை. அவள் வெகுநேரம் தடவினாள். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், எட்டின இடம் எல்லாம்.

"என்னாங்க."

"என்ன?"

"இங்க ரெண்டு பலகை இருந்துச்சில்ல?"

"ஆமா."

"எது எதுன்னு தெரியலங்க. ஒரே மரமா இருக்கு."

அவர் தண்ணீரில் குதித்தார். மொண்டு ஊற்றினார். பைத்தியம் பிடித்தவர் மாதிரி ஊற்றினார். படகு எழுந்தது. முதலில் விளிம்பு, பிறகு பக்கப் பலகைகள், பிறகு உள்ளே அடிப்பலகை. ஏரிக்குள்ளிருந்து யாரோ கையில் ஏந்திக் கொடுப்பது போல மேலே வந்தது.

கடைசி வாளியை ஊற்றிவிட்டு, அடிப்பலகையைத் துணியால் துடைத்தார். பார்த்தபடி நின்றார்.

தண்ணீர் வரவில்லை.

ரத்தினவேல் கேலி பேச வாயெடுத்தவர், செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார். வேன்காரர் வந்தார். அவரும் பார்த்தார். வரவில்லை. எங்கே வெளிச்சம் கோடு கோடாக வந்ததோ அங்கே எல்லாம் மரம்தான் இருந்தது.

"இதுக்குள்ள யாரு வந்து அடைச்சா?" என்றார் நாகூர்கனி. குரல் ரகசியம் பேசுகிற மாதிரி இருந்தது.

தவமணி ஒரு கை தண்ணீரை ஏரியிலிருந்து அள்ளினாள். அவருக்குக் காட்டினாள். திரும்ப ஏரியிலேயே விட்டாள்.

*

மாம்பழக் கலர் சேலை. மெத்தை ஈரம் என்பதால் வெறும் பலகை. ஜுலைகா முனையைப் பார்த்து உட்கார்ந்தாள். அவர் துடுப்புப் போட்டார்.

திட்டில் கொஞ்சம் பறவைகள் மிச்சம் இருந்தன.

அவர் துடுப்புச் சத்தம் கேட்காமல் ஓட்டினார். கிட்டப் போகப் போக அந்த ரோஸ் சேலை பிரிந்து பிரிந்து கால்களாக, கழுத்துகளாக ஆனது. ஒவ்வொன்றும் தன் காலடியில் தலைகீழாக இன்னொன்றை வைத்துக்கொண்டு நின்றது. ஏரி கண்ணாடி மாதிரிக் கிடந்தது. அவர் துடுப்பைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பிடித்தார். படகு தானாக வழுக்கிக்கொண்டு போனது.

ஜுலைகா தலையை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தெரியுதா?"

"காஜா ஓட்டை வழியாப் பாக்குற மாதிரி இருக்குங்க. ஒண்ணு ஒண்ணாத்தான் தெரியுது." தலையை இன்னொரு பறவைப் பக்கம் திருப்பினாள். "ஒண்ணொண்ணும் முழுசாத் தெரியுது."

அப்போது அவை எழும்பின. எல்லாம் ஒரே நேரத்தில். பெரிய பட்டுத் துணியைக் கிழிக்கிற சத்தம். இறக்கைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த சிவப்பும் கறுப்பும் வானம் முழுக்க விரிந்தன. அந்த நிறம் தண்ணீரில் விழுந்து, படகின் மேல் ஏறி, அவள் முகத்தில் ஏறியது. அவள் வாயைத் திறந்தபடி அண்ணாந்து இருந்தாள். அவரும்தான்.

அவை வடக்கே போய்ப் போய்ப் புள்ளிகள் ஆயின. புள்ளியும் இல்லை.

அவர் குனிந்து அடிப்பலகையைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"என்னாங்க," என்றாள் ஜுலைகா.

"ம்."

"கண்ணு போனப்புறம்..."

பழக்கத்தில் அவளே நிறுத்திக்கொண்டாள்.

நாகூர்கனி இரண்டு துடுப்பையும் படகுக்குள் எடுத்து வைத்தார். நகர்ந்து, அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"சொல்லு புள்ள."