வாளில் காய்த்த பழம்

கொன்றையூர் ஜமீன்தார் கண்ணை மூடினார். துபாஷி அருளப்பனுக்குத் தலைவலி தொடங்கியது. இங்கிலீஷ் படித்த பெருமையில் பெரியவர் உயிலை அந்த மொழியிலேயே எழுதிவைத்துவிட்டார். அதைத் தமிழில் சொல்லி மாரடிக்கவேண்டியது அருளப்பன் பாடு.

உயிலில் மூன்றே வரி. குலவாளின் அலகு மூத்த மகன் சங்கரலிங்கத்துக்கு. பிடி இளையவர் வீரபத்திரனுக்கு. 'பாமெல்' கடைக்குட்டி உலகம்மாளுக்கு. வாளில் பங்குள்ளவரே அரண்மனையில் குடியிருக்கலாம் என்பது அந்த வீட்டு வழக்கம். உலகம்மாளோ கணவனை இழந்து, ஒற்றைப் பெட்டியோடு பிறந்த வீட்டு வாசலில் நின்றாள்.

அருளப்பன் அகராதியைப் புரட்டினான். பாமெல்: வாள்பிடியின் நுனியிலுள்ள குமிழ். அதோடு விட்டானா அகராதிக்காரன்? பழைய பிரெஞ்சில் 'சின்ன ஆப்பிள்', அதற்கும் முன்னே லத்தீனில் 'பழம்' என்று பூர்வீகத்தையும் எழுதித் தொலைத்திருந்தான். அருளப்பன் அதையும் வாய்விட்டுப் படித்துத் தொலைத்தான்.

"பழம்தானே? தோப்பில் நாலு கொய்யா பறித்துக் கொடுத்து அனுப்பும்" என்றார் சங்கரலிங்கம்.

"குமிழ் என்றே இருக்கட்டும். பிடியில்தானே இருக்கிறது?" என்றார் வீரபத்திரன். "மாடு எனக்கு, கொம்பு மட்டும் அடுத்தவருக்கா?"

"ஐயா, பொருள் வேறு, பூர்வீகம் வேறு..." என்று அருளப்பன் தொடங்குவான். முடிக்க விடமாட்டார்கள். மூன்று நாளாக இதே கூத்து.

மூன்றாம் நாள் உலகம்மாள் கேட்டாள்: "ஆயுத பூஜைக்கு அப்பா வாளைப் பிரித்துத் துடைப்பார். பூட்டும்போது, 'உலகு, குமிழை நீ திருகம்மா' என்பார். அந்தக் குமிழா இது, அருளப்பண்ணே? அப்பா எழுதியது எதுவோ, அதைக் கொடுங்கள்."

பழமா, பிடியில் அடக்கமா, தனிக் குமிழா? மூவரில் யார் சொன்னது சரி?

விடை: சொல் எங்கிருந்து வந்தால் என்ன, பழத்துக்காக யாரும் வாளைத் தேடிப் போவதில்லை. பிடியோடு குமிழும் அடக்கமென்றால் ஜமீன்தாருக்கு மூன்றாம் வரியே தேவையில்லை. குமிழ் உலகம்மாளுக்கே. இனிப் பேசிப் பயனில்லை என்று அருளப்பன் வாளை எடுத்து, குமிழைத் திருகி, அவள் உள்ளங்கையில் வைத்தான். பிடி கழன்று வீரபத்திரன் மடியில் விழுந்தது. அலகு வெறும் இரும்பாகச் சங்கரலிங்கத்தின் காலடியில் கிடந்தது. ஆயுத பூஜைக்கு இன்னும் ஆறே நாள். அண்ணன்மார் இருவரும் தங்கையின் மூடிய கையைப் பார்த்தார்கள்.

"திருகித் தருகிறேன்" என்றாள் உலகம்மாள். "முதலில் என் பெட்டியை உள்ளே வையுங்கள்."